படிக்காமல் விட்ட வரி

பத்திரக்காரம்மாவிடம் ஒரு பிடிவாதம் உண்டு. எழுதிய பத்திரத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும், கையெழுத்துப் போடப்போகிறவரின் காதில் விழும்படி சத்தமாகப் படித்துக் காட்டாமல் பேனாவைக் கையில் கொடுக்க மாட்டாள். அவசரமாக வந்தவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். "நீங்க எழுதினா சரியாத்தாம்மா இருக்கும், குடுங்க" என்று கையை நீட்டுவார்கள். அவள் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பாள். "கொடுக்கிறது உங்க வீடு. எதைக் கொடுக்கிறோம்னு காதால கேட்டுட்டுக் கொடுங்க" என்பாள். அதற்குமேல் யாரும் வாயைத் திறந்ததில்லை.

பதிவு அலுவலகத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கும் பல் டாக்டரின் கிளினிக்குக்கும் நடுவே ஒடுங்கிக் கிடந்த அறை அவளுடையது. ஒரு மேஜை, கம்ப்யூட்டர், பிரிண்டர், வருகிறவர்களுக்கு மூன்று நாற்காலி. இந்த அறையில் உட்கார்ந்துதான் இருபத்தைந்து வருஷமாக அண்ணன் தம்பிகளைப் பிரித்தாள், அப்பன் சொத்தைப் பிள்ளைகளுக்கு மாற்றினாள், விற்றவரையும் வாங்கினவரையும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்து முறைக்கவிட்டாள். விவாகரத்தானவர்கள் யாராவது தயங்கித் தயங்கி வந்து நின்றால் போதும், வறுத்து எடுத்துவிடுவாள். "கோர்ட்டு தீர்ப்பு கையில இருந்தா ஆச்சா? வீட்டுப் பத்திரத்துல அவர் பேர் இருக்கிற வரைக்கும் பாதி வீடு அவரோடது. நாளைக்கு அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா அவர் ஆளுங்க வந்து வாசல்ல நிப்பாங்க. விடுதலைப் பத்திரம் எழுதி வாங்குங்க, இன்னிக்கே."

இத்தனை சட்டம் பேசுகிறவளின் சொந்த வீட்டுப் பத்திரத்தில், விவாகரத்து ஆகி நாலு வருஷம் கழித்தும், புருஷன் பெயர் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருந்தது.

அவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். கல்யாணமான புதிதிலிருந்தே சாயங்காலமானால் வீட்டுக் கூடத்தில் ஏதாவதொரு பழுதான பெட்டியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்காருவார். அவள் எதிரில் உட்கார்ந்து மறுநாள் பத்திரங்களை அவருக்குப் படித்துக் காட்டுவாள். படிக்காதவருக்கும் புரிகிற மாதிரி இருக்கிறதா என்று பார்க்க அவர்தான் அளவுகோல். "இந்த இடம் வழுக்குதே, யார் யாருக்குக் கொடுக்கிறாங்க?" என்று கேட்டால் அந்த இடத்தை மாற்றி எழுதுவாள். பத்தொன்பது வருஷம் கேட்டுக் கேட்டு, எந்தப் பத்திரத்தில் எதற்கடுத்து எது வரும் என்று அவருக்கு மனப்பாடம். அவளை 'வக்கீலம்மா' என்றுதான் கூப்பிடுவார். வக்கீல் இல்லை என்று அவளும் ஒவ்வொரு முறையும் திருத்துவாள்.

சண்டை வராத வீடு இல்லை. இவர்கள் வீட்டில் கோபம் வந்தால் அவள் பேசுவாள், அவர் செருப்பை மாட்டுவார். நேரே தங்கை வீடு. நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அங்கே இருந்துவிட்டு, ஐந்தாம் நாள் ஒன்றும் நடக்காதவர் மாதிரி வந்து சாப்பிட உட்காருவார். கடைசித் தடவை அந்த நாலு நாள் பத்து நாளாயிற்று. அவராக வரட்டும் என்று இவள். அவளாகக் கூப்பிடட்டும் என்று அவர். வீம்புக்கு வீம்பு. ஒரு வருஷம் ஓடிப்போன பிறகு அவள் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினாள். அதைப் பார்த்தாவது அடித்துப் பிடித்து ஓடி வருவார் என்று நினைத்தாள். பாவி மனுஷன், அவள் கேட்கிறாளே என்று கேட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். அவர் போட்டுவிட்டாரே என்று இவளும் போட்டாள். இரண்டு பேருக்கும் வேண்டாத விவாகரத்து இப்படித்தான் ஆனது. பிள்ளைகள் இல்லை, அதனால் நடுவில் நின்று தடுக்கவும் ஆளில்லை.

வீடு அவளுக்கு என்று தீர்ப்பில் எழுதியிருந்தது. "எப்ப சொன்னாலும் வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போறேன்" என்று அவர் வக்கீலிடம் சொல்லி அனுப்பினார். அவள் சொல்லவே இல்லை. வேலை அதிகம், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தன் காதிலேயே பூ சுற்றிக்கொண்டாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை நாத்தனார் போன் செய்தாள். கோர்ட்டு புருஷனைத்தான் அறுத்துவிட்டது, நாத்தனாரின் 'அண்ணி'யை அறுக்கவில்லை.

"அண்ணி, அண்ணனுக்கு வயித்து வலின்னு கூட்டிட்டுப் போனோம். கணையத்துல கட்டியாம். எல்லா இடத்துக்கும் பரவிடுச்சாம். ஒரு மாசம், மிஞ்சிப்போனா ஒன்றரை மாசம்ங்கிறாங்க."

பத்திரக்காரம்மாவுக்கு எதிரே ஒரு குடும்பமே உட்கார்ந்திருந்தது. அவள் அவர்களைப் பார்த்தபடியே "ம்" என்றாள்.

"அண்ணன்கிட்ட சொல்லல. வயித்துல புண்ணு, மருந்து சாப்பிட்டா ரெண்டு மாசத்துல எழுந்துடலாம்னு சொல்லி வெச்சிருக்கோம். அதை நம்பிட்டுத்தான் அது ஏதோ ரெண்டு வாய் சாப்பிடுது. இன்னொண்ணு அண்ணி, பெரியண்ணன் போன வாரம் பார்க்க வந்தாரு. தம்பி எப்படி இருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டாரு. அந்த வீடு எத்தனை அடிக்கு எத்தனை அடின்னு பத்து வார்த்தை கேட்டாரு. நீங்க சட்டுனு கையெழுத்தை வாங்கிடுங்க. நீங்க தெருவில நிக்கக்கூடாது."

"இந்த நேரத்துலயா?"

"இந்த நேரத்தை விட்டா ஏது அண்ணி? ஆனா அதுக்கு எதுவும் தெரியக்கூடாது. தெரிஞ்சா அன்னிக்கே விட்டுடும். எனக்குச் சத்தியம் பண்ணிக் கொடுங்க."

அவள் சத்தியம் செய்தாள். எதிரிலிருந்த குடும்பத்தை நாளைக்கு வரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. கோபம்தான் வந்தது, அவர்மேலும் தன்மேலும்.

பிறகு தெருவைக் கடந்து பதிவு அதிகாரியிடம் போனாள். நடக்க முடியாதவரிடம் அதிகாரி வீட்டுக்கே வந்து பதிவு செய்யலாம், ஆனால் அதற்கு ஒரு முறை இருந்தது. அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "உங்களுக்குத் தெரியாததாம்மா? காய்ச்சல், கால் சுளுக்குன்னா நான் வர முடியாது. அவங்களே குணமாகி வந்துடுவாங்க. இனிமே எழுந்து வர மாட்டார்னு டாக்டர் எழுதிக் கொடுக்கணும். அந்தக் காரணம் பத்திரத்துக்குள்ளயும் வரணும்." சொல்லி முடித்த பிறகுதான் யாரைப் பற்றிச் சொல்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டார். "வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வரேன்."

அந்த வரி அவளுக்குத் தெரியும். ஊரில் படுக்கையில் கிடந்த எத்தனையோ பேருக்கு எழுதியிருக்கிறாள். பத்திரம் என்பது எழுதிக் கொடுப்பவரே பேசுகிற மாதிரி 'நான்' என்று போகும். மத்தியானம் முழுக்க அவள் கதவைச் சாத்திக்கொண்டு, அவராக இருந்து, அவருடைய வீட்டை விட்டு அவரையே வெளியே அனுப்பும் பத்திரத்தை டைப் செய்தாள். மூன்றாம் பத்தியில் அந்த வரியையும் சேர்த்தாள். அதைப் படிக்காமல் விட்டுவிடுவது என்று அப்போதே முடிவு செய்தாள், நாத்தனாருக்கும் போனில் சொல்லிவைத்தாள். இருபத்தைந்து வருஷத்தில் ஒரு வரி விட்டதில்லை. இந்த ஒரு வரியை விட்டால் குடி முழுகிவிடாது என்று சொல்லிக்கொண்டாள்.

வியாழக்கிழமை பத்து மணிக்கெல்லாம் நாத்தனார் வீட்டில் இருந்தாள். முன்னறையில் ஜன்னலோரம் கட்டில் போட்டிருந்தார்கள். அவர் இரண்டு தலையணைக்குச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டை மட்டும் பழைய அளவில் இருந்தது. அதற்குள்ளிருந்த ஆள் பாதியாகியிருந்தார். கழுத்து எலும்புகளைப் பார்த்ததும் அவள் பையைத் திறந்து தேடாத எதையோ தேடினாள்.

"வா வக்கீலம்மா" என்றார்.

"நான் வக்கீல் இல்ல" என்று அவள் வாய் தானாகச் சொன்னது.

நாத்தனார் பால் டம்ளரை வைத்துவிட்டு, "நீங்க பேசிட்டிருங்க, நான் வெளியில இருக்கேன்" என்று போனாள். போகிற போக்கில் அண்ணியின் கையை ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் போனாள்.

"ஆபீஸ்காரர் வீட்டுக்கே வர்றாராமே?"

"இப்ப எல்லாருக்கும் வர்றாங்க. புது ரூல்."

"பரவாயில்லையே. முன்னெல்லாம் இழுத்துட்டுக் கெடக்கிறவங்களுக்குத்தானே வருவாங்க."

"அது அப்போ."

அவர் தலையை ஆட்டினார். உள்ளே சமையலறையில் ஃபிரிட்ஜ் உதறிக்கொண்டு நின்றது. அவர் காதைக் கொடுத்துக் கேட்டார். "கம்ப்ரசர் போகப் போகுது. தங்கச்சிகிட்ட ஒரு வாரமா சொல்றேன், காதுல வாங்கினாத்தானே." பிறகு தலையணையைச் சரி செய்துகொண்டார். "சரி, படி. நீ படிக்காம விடமாட்டே."

அவள் கண்ணாடியை மாட்டினாள். குரலை ஒருமுறை கனைத்துச் சரிசெய்தாள். எழுதிக் கொடுப்பவர் இன்னார், எழுதி வாங்குபவர் இன்னார், அவருடைய முன்னாள் மனைவி. 'முன்னாள்' என்ற இடத்தில் நாக்கு இடறியது. சமாளித்து மேலே போனாள். நாங்கள் இருவரும் சேர்ந்து கட்டிய வீடு, இன்ன தேதியில் இன்ன கோர்ட்டின் தீர்ப்பு. அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். கூடத்தில் ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்து கேட்கும்போதும் இப்படித்தான் கண்ணை மூடிக்கொள்வார்.

மூன்றாம் பத்தி வந்தது. ஒரு வரியைத் தாண்டி அடுத்ததில் கண்ணை வைத்து, வேகத்தைக் குறைக்காமல் படித்தாள். "இன்று முதல் மேற்படி வீட்டில் எனக்கோ என் வாரிசுகளுக்கோ எவ்வித உரிமையும் பாத்தியமும் சம்பந்தமும் இல்லை என்றும், மேற்படி வீட்டைத் தாங்களே சர்வ சுதந்திரமாக..."

"நில்லு."

அவள் நின்றாள்.

"ஒண்ணு விட்டுட்டே" என்றார், கண்ணைத் திறக்காமல். "ஆபீஸ்காரர் வீட்டுக்கு வந்து எழுதினா, ஏன் வந்தாருன்னு ஒரு வரி வரும். தீர்ப்புத் தேதிக்கு அப்புறம், 'இன்று முதல்'க்கு முன்னாடி. நம்ம பின்வீட்டுப் பெரியவருக்கு எழுதினப்ப எனக்கு ரெண்டு தடவ படிச்சுக் காட்டினே."

"புது ரூல்ல அது கிடையாது."

"பேப்பரைக் காட்டு."

அவள் பேப்பரை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள். பொய் சொல்லத் தெரியாதவள் பொய் சொன்னால் இப்படித்தான் ஆகும், ஒரு பேப்பரைப் பிடிக்கிற பிடியிலேயே எல்லாம் தெரிந்துவிடும். அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். கோபமில்லாமல், நிதானமாகப் பார்த்தார்.

"ஃபிரிட்ஜு தேறாதுன்னு தெரிஞ்சா நான் கஸ்டமர்கிட்ட என்ன சொல்லுவேன் தெரியுமா? 'ஒரு மாசம் ஓட்டுங்க, பார்க்கலாம்'பேன். அந்தக் குரல்லதான் இந்த டாக்டர் என்கிட்ட பேசுறாரு. ஆனா நிச்சயமாத் தெரியல. உன்கிட்டதான் கேட்கலாம்னு இருந்தேன். நீ எதையும் விடமாட்டே." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "அந்த வரியைப் படி."

"வேண்டாங்க." நாலு வருஷத்துக்குப் பிறகு அந்த 'ங்க' அவள் வாயிலிருந்து வந்தது.

"கொடுக்கிறது என் வீடு. என்ன எழுதியிருக்குன்னு நான் கேட்க வேண்டாமா?"

அவள் வாயை அடைக்க ஊரிலேயே ஒருவருக்குத்தான் தெரியும். அவள் பேப்பரை விரித்தாள். எழுத்துகள் கலங்கின. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, எல்லாருக்கும் படிக்கும் அதே குரலில் படித்தாள்.

"நான் நோய்வாய்ப்பட்டுப் படுக்கையில் இருப்பதாலும், குணமடைந்து பின்னொரு நாளில் பதிவு அலுவலகத்துக்கு நேரில் வரும் நிலை எனக்கு இனி ஏற்படாது என்று மருத்துவர் சான்றளித்திருப்பதாலும், எனது இருப்பிடத்திலேயே இப்பத்திரத்தை முழு நினைவுடன் எழுதிக் கொடுக்கிறேன்."

வெளியே யாரோ சைக்கிளை ஸ்டாண்டு போட்டார்கள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி அதைப் பார்த்தார். அவருடைய உதடு ஒருமுறை கோணிக்கொண்டு நேரானது. அதைப் பார்த்துவிட்டோமே என்று அவள் கண்ணைப் பேப்பருக்குத் தாழ்த்தினாள். பத்தொன்பது வருஷத்தில் அந்த மனிதர் அழுது அவள் பார்த்ததில்லை.

"நல்லாத்தான் எழுதியிருக்கே" என்றார் கடைசியில். "வழுக்காம இருக்கு. எழுதும்போது கை நடுங்கலையா?"

"டைப்தானே பண்றேன். நடுங்கினாத் தெரியாது."

அவர் சிரித்தார். சிரிப்பு வலியில் முடிந்தது. அவள் எழுந்து அவர் முதுகுக்குப் பின்னால் தலையணையை ஏற்றி வைத்தாள். எழுந்த இடத்துக்குத் திரும்பாமல் கட்டில் விளிம்பிலேயே உட்கார்ந்தாள்.

"ஊருக்கெல்லாம் இன்னிக்கே எழுதி வாங்குன்னு சொல்லுவியே. நீ ஏன் நாலு வருஷம் வாங்கல?"

மனசில் இருப்பதை வாய் விட்டுச் சொல்ல அவருக்குத் தெரியவில்லை என்றுதான் அவள் அவரிடம் பத்தொன்பது வருஷமும் சண்டை போட்டாள். இப்போது சொல்ல வேண்டியவள் அவள்.

"பேரு இருக்கிற வரைக்கும், என்னிக்காவது ஒரு நாள் நீங்க வந்து உக்காருவீங்கன்னு இருந்தேன்."

"கூப்பிட்டிருக்கலாமே."

"நீங்க வந்திருக்கலாமே."

"நோட்டீஸு அனுப்பினியே?"

"கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொன்னேனா? வந்து என்னைத் திட்டுவீங்கன்னு நினைச்சேன்."

அவர் அவளை வெறித்துப் பார்த்தார். "நீ கேட்கிறியேன்னு போட்டேன்" என்றார் மெதுவாக. "நீ கேட்டு நான் எதை மாட்டேன்னு சொல்லியிருக்கேன்?"

அப்போதுதான் அவள் அழுதாள். சத்தம் வெளியே போய்விடாமல், முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். அவர் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு போன் செய்ய வேண்டிய வேலைக்கு இரண்டு பேரும் ஒரு கோர்ட்டையே கூட்டி, ஐந்து வருஷத்தை வாரிக் கொட்டியிருந்தார்கள். இப்போது கையில் மிச்சமிருந்தது ஒரு மாதம்.

"இத பாரு" என்றார். "தங்கச்சிக்கு இது தெரிய வேண்டாம். எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுத்தான் அவ என் முன்னால சிரிக்கிறா. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா இந்த வீட்டுல யாருக்கும் சிரிக்க முடியாது. நான் போற வரைக்கும் அவ சிரிச்சுட்டு இருக்கட்டும். புரியுதா?"

அவள் தலையாட்டினாள். ஒரே வாரத்தில் இது இரண்டாவது சத்தியம். ஆனால் முதலாவதை இப்போதுதான் உடைத்திருந்தாள்.

பதினோரு மணிக்கு அதிகாரி வந்தார். கூடவே சாட்சிக்கு ஜெராக்ஸ் கடைக்காரரும் பல் டாக்டரும் வந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, என்ன பேசுவது என்று தெரியாமல் சுவரோரமாக நின்றார்கள். எழுதிக் கொடுப்பவரின் உறவுக்காரர்கள் அறையில் இருக்கக்கூடாது என்று அதிகாரி சொன்னதால் நாத்தனார் வாசலிலேயே இருந்தாள். எழுதி வாங்குகிறவள் மட்டும் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"யாராவது வற்புறுத்திக் கையெழுத்து வாங்கறாங்களா?"

"இல்ல சார். நானாத்தான் கொடுக்கிறேன்."

"முழுசாப் படிச்சுக் காட்டினாங்களா?"

அவர் அவள் பக்கம் பார்க்காமல் அதிகாரியையே பார்த்துச் சொன்னார். "ஒரு வரி விடாம படிச்சாங்க."

அதிகாரியின் கண் ஒரு நொடி மூன்றாம் பத்திக்குப் போய்விட்டு அவர் முகத்துக்கு வந்தது. பிறகு வழக்கத்துக்கு மாறாக அவரே பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார். ஏழு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் அவர் நிறுத்தி நிறுத்திக் கையெழுத்துப் போட்டார். நாலாம் பக்கத்தில் கை சோர்ந்தது. பத்திரக்காரம்மா பேப்பருக்கு அடியிலிருந்த அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேருமாக ஏழாம் பக்கம் வரைக்கும் போய்ச் சேர்ந்தார்கள். சாட்சிகள் கையெழுத்துப் போட்டார்கள். ரேகை எடுத்த அவர் கட்டை விரலின் மையை அவள் ஈரத்துணியால் துடைத்துவிட்டாள். அதிகாரி கும்பிட்டுவிட்டுப் புறப்பட்டார். பாதி வீடாக இருந்தது முழு வீடாகி அவள் பெயருக்கு வந்துவிட்டது.

வாசலில் நாத்தனார் அவளை ஓரமாக இழுத்தாள். நாத்தனாரின் கண்கள் அவள் முகத்தில் அலைந்தன. "என்ன அண்ணி, கண்ணெல்லாம் சிவந்திருக்கு? எல்லாத்தையும் படிச்சீங்களா? அந்த வரியையுமா?"

"அதை விட்டுட்டேன்" என்றாள் பத்திரக்காரம்மா.

"அண்ணன் எதுவும் கேட்கலையே?"

"கேட்கல. அவருக்கு ஒண்ணும் தெரியாது."

நாத்தனாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள். உதட்டை இழுத்து ஒரு சிரிப்பைப் பொருத்திக்கொண்டு உள்ளே போனாள். "என்ன அண்ணா, பெரிய மனுஷங்கள்லாம் உன்னைத் தேடி வர்றாங்க?" என்று அவள் கேட்பது வெளியே கேட்டது.

"பின்னே? ரெண்டு மாசம் கழிச்சு நானே எழுந்து போய் அவருக்குப் பதில் மரியாதை செஞ்சுட்டு வரணும்" என்றார் அவர். "அப்ப போட ஒரு நல்ல சட்டை எடுத்து வை. இது தொளதொளன்னு இருக்கு."

"எடுத்துடலாம்ணா" என்று தங்கை சிரித்தாள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

பத்திரக்காரம்மா பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்று, உள்ளே இரண்டு பேரும் ஒருவருக்காக ஒருவர் சிரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டாள்.